மெஷின் எம்பிராய்டரிக்கு நூல் தேர்வு: துவைக்கிற இடத்திலிருந்து தொடங்குங்கள்

மெஷின் வாங்கிய புதிதில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். நூல் கடைக்குப் போய், கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருந்த கோன்களில் எதெல்லாம் பளபளத்ததோ அதையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். "சில்க் நூல்" என்றார் கடைக்காரர். நம்பினேன். அத்தனையும் ரேயான் என்பது பிறகுதான் தெரிந்தது.

தெரிந்த விதம் இது. ஓர் உணவகத்துக்கு 36 வெள்ளைக் கோட்டுகளில் மெரூன் நிறத்தில் பெயர் போட்டுக் கொடுத்தேன். கொடுத்த அன்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஒன்றரை மாதம் கழித்து ஒரு கோட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மேலாளர் வந்தார். எழுத்து வெளிறி ரோஸ் நிறமாகியிருந்தது. சில இடங்களில் இழை அறுந்து பிசிறு நின்றது. "தினமும் பிளீச்சிங் போட்டுக் கொதிக்க வைக்கிறோங்க, வெள்ளைத் துணியாச்சே" என்றார். தவறு அவருடையது இல்லை. துணி எங்கே போகிறது என்று நான் கேட்கவே இல்லை. அத்தனையையும் பிரித்துப் பாலியஸ்டரில் மறுபடி போட்டுக் கொடுத்தேன், கூலி வாங்காமல்.

அதற்குப் பிறகு ஆர்டர் எடுக்கும்போது நிறம், டிசைன் எல்லாம் பிறகுதான். முதல் கேள்வி துவைப்பதைப் பற்றி. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

1. இதை யார், எப்படித் துவைப்பார்கள்?

மருத்துவமனை உடுப்பு, ஹோட்டல் துண்டு, பள்ளிச் சீருடை, திருப்பூர் டி-ஷர்ட், குழந்தையின் துணி. இவை அடிக்கடி துவைபடும். சிலவற்றில் பிளீச் விழும், சிலவற்றைக் கல்லில் அடிப்பார்கள், மொட்டை மாடி வெயிலில் நாள் முழுக்கக் காயும். இவற்றுக்குப் பாலியஸ்டர் நூல் தவிர வேறு யோசிக்க வேண்டாம்.

கல்யாணப் பிளவுஸ், பட்டுத் துப்பட்டா, சுவரில் மாட்டும் படம். இவை ஆண்டுக்கு ஒருமுறை டிரை கிளீனிங் போனால் அதிகம். இங்கே ரேயான் தாராளமாக வரலாம், ஜரிகையும் வரலாம்.

இரண்டுக்கும் நடுவில் வருவது சுடிதார், குர்த்தா, தினசரிப் பருத்திப் பிளவுஸ். "மெஷினில்தான் போடுவேன்" என்று சொல்பவருக்குப் பாலியஸ்டர். "கையால அலசுவேன்" என்பவர் சொல்லை நான் பாதிதான் நம்புகிறேன். அவருக்கும் பாலியஸ்டர்தான் போடுகிறேன்.

2. ரேயானா, பாலியஸ்டரா?

ரேயான் மரக்கூழிலிருந்து வருவது. 1892-ல் இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் என்ற மூவர் விஸ்கோஸ் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். ரேயான் என்ற பெயர் 1924-ல்தான் வந்தது. அதுவரை அது 'செயற்கைப் பட்டு'. நம் கடைகளில் அதை இன்னும் சில்க் நூல் என்று சொல்வது அந்தப் பழக்கத்தின் மிச்சம். வளையலும் ஜிமிக்கியும் சுற்றுகிற சில்க் நூலிலும் பட்டு கிடையாது.

ரேயானின் பலம் அதன் ஒளி. கண்ணைக் குத்தாமல், பட்டுக்கு நெருக்கமான ஒரு மென்மை. நூலும் வளைந்து கொடுக்கும், துணியில் தட்டையாகப் படுக்கும், மெஷினில் டென்ஷன், அதாவது நூலை இழுத்துப் பிடிக்கும் இறுக்கம், கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மன்னித்துவிடும். பலவீனம் தண்ணீர். நனைந்த ரேயான் தன் வலுவில் பாதியளவு இழந்துவிடும். ஈரத்தோடு முறுக்கிப் பிழிந்தால் அறுவது அதனால்தான். குளோரின் பிளீச் பட்டால் நிறமும் போகும், இழையும் நொந்துபோகும்.

பாலியஸ்டர் தண்ணீரைக் கிட்டத்தட்டக் குடிப்பதே இல்லை. நனைந்தாலும் காய்ந்தாலும் அதே வலு. எம்பிராய்டரிக்கென்று வருவது டிரைலோபல் வகை, அதாவது இழையை வெட்டிப் பார்த்தால் மூன்று இதழ் வடிவம். அந்த முகங்களில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால்தான் பளபளப்பு. அதன் குறை, இழுவை. ரேயானைவிட அதிகம் நீளும். டென்ஷனை இறுக்கிவைத்துத் தைத்தால் நூல் நீண்ட நிலையிலேயே துணிக்குள் போய் உட்காரும். துணியை விறைப்பாகப் பிடித்திருக்கும் ஃப்ரேமைக் கழற்றியதும் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். கூடவே துணியும் சுருங்கும். "துணி மோசம்" என்று பழி போடும் சுருக்கங்களில் பல இப்படி வந்தவை. பாலியஸ்டருக்கு மேல் டென்ஷனை ரேயானைவிடச் சற்றுத் தளர்த்துங்கள்.

கையில் இருக்கும் கோன் எது என்று தெரியவில்லையா? ஒரு முழ நூலை எடுத்து நடுவில் மட்டும் நனைத்து இரு கையாலும் இழுங்கள். நனைந்த இடத்தில் சட்டென்று அறுந்தால் ரேயான். எங்கே அறும் என்று சொல்ல முடியாமல் விரலை அறுக்கிற மாதிரி தாக்குப்பிடித்தால் பாலியஸ்டர். நெருப்பிலும் பார்க்கலாம். ரேயான் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து பொடிச் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். இடுக்கியால் பிடித்துக்கொள்ளுங்கள், உருகிய சொட்டு விரலில் ஒட்டினால் லேசில் விடாது.

ஒன்றுதான் வாங்கக் கையில் பணம் இருக்கிறது என்றால் பாலியஸ்டர் வாங்குங்கள். ஆனால் ரா சில்க்கில் ஒரு மாங்காய் போட்டு, அதை ரேயானிலும் பாலியஸ்டரிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் கண் ரேயானுக்குத்தான் போகிறது. வெள்ளை, சந்தனம், இளம் நிறங்களில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

பருத்தி எம்பிராய்டரி நூலும் உண்டு, மினுக்கம் இல்லாதது. கதர், கலம்காரி மாதிரியான துணிகளில் பளபள நூல் போட்டால் ஓட்டுவீட்டுத் திண்ணையில் டியூப்லைட் மாட்டிய மாதிரி இருக்கும். அங்கே பருத்தியோ, மேட் பாலியஸ்டரோ பொருந்தும். பருத்தி பஞ்சு உதிர்க்கும், கீழ்நூல் சுற்றிய பாபின் உட்காரும் பாபின் கேஸை அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும்.

3. லேபிளில் உள்ள எண்ணைப் படியுங்கள்

கோனின் அடியில் '120டி/2' என்றோ '40' என்றோ இருக்கும். பலர் இதைப் பார்ப்பதே இல்லை. பார்த்தாலும் குழம்பிவிடுகிறார்கள், ஏனென்றால் இரண்டும் எதிரெதிராக ஓடும் கணக்குகள்.

டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். எண் கூடினால் தடிமன் கூடும். 120டி/2 என்றால் 120 டெனியர் இழை இரண்டு முறுக்கியது, மொத்தம் 240 டெனியர். '40' என்பது வேறு வழிக் கணக்கு. ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நூல் வரும் என்று பொருள். அங்கே எண் கூடினால் நூல் மெலியும். 240 டெனியர் நூல் கிலோவுக்கு 37.5 கிலோமீட்டர் வரும், ஆகவே 120டி/2-ம் 40-ம் நடைமுறையில் ஒரே நூல். அதே போல 75டி/2 என்றால் மொத்தம் 150 டெனியர், அதுதான் 60 எண் நூல்.

இன்னொரு குழப்பம் தையல் நூலில். டெய்லர் நூலிலும் '120' என்று அச்சிட்டிருக்கும். அது டிக்கெட் எண், தையல் நூலுக்கென்று உள்ள தனித் தடிமன் கணக்கு, டெனியர் இல்லை. விசித்திரம் என்னவென்றால் டிக்கெட் 120 நூலும் 120டி/2 நூலும் தடிமனில் அநேகமாக ஒன்றே. அதனால்தான் "ரெண்டும் ஒண்ணுதானேக்கா, இது விலை கம்மியா இருக்கே" என்று கேட்கிறார்கள். தடிமன்தான் ஒன்று. டெய்லர் நூல் சிறு இழைகளை நூற்றுச் செய்தது, மேலே மயிர் மாதிரி பிசிறு இருக்கும், ஒளியைத் திருப்பாது, பஞ்சும் சேரும். அதில் போட்ட பூ பத்து நாளில் பழசாகத் தெரியும்.

இணையத்தில் வாங்கும் டிசைன்களும், பஞ்சிங் (படத்தை மெஷின் தைக்கும் டிசைனாக மாற்றுவது) செய்பவர்கள் போட்டுத் தருபவையும் பெரும்பாலும் 40 எண் நூலை மனதில் வைத்தவை. சாட்டின் (நெருக்கமாக அடுக்கிய நீண்ட தையல்), ஃபில் (பரப்பை நிரப்பும் தையல்) இரண்டிலும் வரிசைக்கு வரிசை இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர் இருக்கும். அதே டிசைனை 60 நூலில் ஓட்டினால் இடையில் துணி எட்டிப் பார்க்கும். 30 நூலில் ஓட்டினால் நெரிசலாகித் துணி அட்டை மாதிரி விறைக்கும், ஊசியும் உடையும். நூல் எண்ணை மாற்றினால் டிசைனின் அடர்த்தியையும் மாற்ற வேண்டும். மாற்றத் தெரியாவிட்டால் 40-ஐ விட்டு நகராதீர்கள்.

60 நூல் வாங்கியே தீர வேண்டிய வேலை ஒன்று உண்டு. சின்ன எழுத்து. சட்டைப் பையில் பெயர், பள்ளி பேட்ஜின் அடியில் வரும் வாசகம், உயரம் ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே போனால் 40 நூலில் 'அ'வும் 'ஆ'வும் ஒன்றாகிவிடும். தமிழ் எழுத்தின் சுழிகள் ஆங்கிலத்தைவிட நெருக்கமானவை. 'ணை', 'ஞ' எல்லாம் முடிச்சு விழுந்த மாதிரி தெரியும். 60 நூலும் அதற்கேற்ற மெல்லிய ஊசியும் போட்டால்தான் சுழிக்குள் துணி தெரியும். கறுப்பு, வெள்ளை, கருநீலம், சிவப்பு, மஞ்சள் என்று ஐந்து கோன் 60-ல் இருந்தால் என் போன்ற சிறு கடைக்குப் போதும்.

4. நூலுக்கு ஏற்ற ஊசி

ஊசியின் தடிமனும் எண்ணாகத்தான் வரும். 40 நூலுக்கு 75/11. 60 நூலுக்கு 65/9. ஜரிகைக்கும் 30 நூலுக்கும் 90/14. கம்பளி கலந்த தடித்த 12 எண் நூலுக்கு 100/16. பனியன் துணிக்கு முனை உருண்ட ஊசி, இல்லாவிட்டால் துவைத்த பிறகு ஓட்டை விழும். நெய்த துணிக்குக் கூர்முனை.

வீட்டு மெஷின்களில் மேல்தண்டு ஒரு பக்கம் தட்டையான ஊசி. பல ஊசி மெஷின்களில் பெரும்பாலும் உருண்ட தண்டு கொண்ட டிபி×கே5 வகை. உங்கள் மெஷினுக்கு எது என்று கையேட்டில் இருக்கும். சந்தேகத்தோடு மாற்றிப் போட வேண்டாம்.

5. பாபின் நூல்

மேல் நூலுக்குச் செலவழித்துவிட்டுக் கீழே கைக்குக் கிடைத்ததைப் போடுவது எங்கும் நடப்பது. பாபின் நூல் மேல் நூலைவிட மெலிதாக இருக்க வேண்டும். 60 எண்ணோ அதைவிட மெல்லியதோ. அப்போதுதான் மேல் நூல் கொஞ்சம் கீழே வளைந்து இறங்கும், மேற்பரப்பில் வெள்ளைப் புள்ளி தெரியாது. ஒரு பாபினில் அதிக நூலும் கொள்ளும்.

வெள்ளையும் கறுப்பும் போதும். இள நிறத் துணிக்குக் கறுப்புப் பாபின் போடாதீர்கள், நிழல் மாதிரி ஊடுருவித் தெரியும். விதிவிலக்கு, பின்பக்கம் வெளியே தெரியும் துணிகள். துப்பட்டா ஓரம், சேலை முந்தானை, லைனிங் இல்லாத கைப் பட்டை. அங்கே மேலே போடும் நூலையே பாபினிலும் சுற்றுங்கள், மேல் டென்ஷனைத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டு.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பத்து மில்லிமீட்டருக்குள் அகலமுள்ள ஒரு சாட்டின் பட்டை தைத்துத் திருப்புங்கள். நடுவில் மூன்றில் ஒரு பங்கு பாபின் நூலும் இரு ஓரமும் மேல் நூலுமாக இருந்தால் சரி. பாபின் நூலே தெரியாவிட்டால் மேல் டென்ஷன் தளர்ச்சி. முழுக்கப் பாபின் நூலாக இருந்தால் மேலே இறுக்கம்.

பாபின் கேஸ் தனியாகக் கழலும் மெஷின் என்றால், நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். தானாக வழுக்கி இறங்கக் கூடாது. கையை லேசாக ஓர் உதறு உதறினால் சில சென்டிமீட்டர் இறங்கி நிற்க வேண்டும்.

6. ஜரிகை

கல்யாணச் சீசனில் வரும் கோபத்தில் பாதி இந்த நூலால் வருவது. பொறுமையாகப் படியுங்கள்.

காஞ்சிபுரம் பட்டில் பேசப்படும் அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. வெள்ளிக்குப் பதில் செம்பு வைத்து மேலே வெள்ளி பூசிய வகையும் புழக்கத்தில் உண்டு, நாளாக நாளாக அதுவே கறுக்கும். இந்த இரண்டும் எம்பிராய்டரி மெஷினின் ஊசிக் கண்ணுக்கு ஏற்றவை அல்ல. அவற்றைத் துணியின் மேல் படுக்கவைத்து இன்னொரு நூலால் பிடித்துத் தைப்பதுதான் கைவேலைக்காரர்களின் முறை. மெஷினுக்கு வரும் 'ஜரிகை' வேறு. அலுமினியம் பூசிய மெல்லிய பாலியஸ்டர் படலத்தைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, ஒரு உள்நூலைச் சுற்றியிருப்பார்கள். தங்க நிறம் தருவது மேலே உள்ள சாயப் பூச்சு.

அது ஏன் அறுகிறது? எந்த நூலும் ஒரே தையலில் துணிக்குள் போய்விடுவதில்லை. தன் முறை வரும் வரை அதே துண்டு ஊசிக் கண்ணுக்குள் மேலும் கீழுமாகப் பல பத்து முறை உரசும். ரேயான் அதைத் தாங்கும். ஜரிகையில் என்ன நடக்கிறது என்றால், சுற்றியிருக்கும் படலம் மட்டும் உரிந்து மேலே ஒதுங்கி, புழு சுருண்ட மாதிரி ஊசிக்கு மேலே திரளும். உள்நூல் மட்டும் கொஞ்ச தூரம் போகும். பிறகு டப்பென்று அறும். அப்படித் திரள்வதைக் கண்டதும் நிறுத்திவிட்டால் பூவைக் காப்பாற்றலாம்.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். ஊசியை முதலில் மாற்றுங்கள், 90/14, கண் நீளமானது. டென்ஷனை அதற்கு அடுத்தபடி தளர்த்துங்கள், பழக்கப்பட்டதைவிடக் கணிசமாக. மெஷின் வேகத்தை நிமிடத்துக்கு 400, 500 தையலுக்குக் கொண்டுவாருங்கள். கோனை மெஷினின் தலையில் வைக்காமல் ஓரடி, இரண்டடி தள்ளி ஒரு ஸ்டாண்டில் வையுங்கள், நூல் தன் முறுக்கை அவிழ்த்துக்கொள்ள அந்தத் தூரம் வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் அறுந்தால் டிசைனைப் பாருங்கள். 0.4 அடர்த்தியை 0.5 பக்கமாகத் தளர்த்துங்கள், குட்டிக் குட்டித் தையல்களை நீக்கச் சொல்லுங்கள். ஜரிகைக்கு நீண்ட சாட்டின் ஒத்துவரும், பொடி வேலை ஒத்துவராது. டிசைனில் ஜரிகையைக் கடைசி நிறமாக வையுங்கள். அதன் மேல் இன்னொரு நூல் ஏறினால் ஊசி படலத்தைக் கிழித்துவிடும்.

தட்டையாக நாடா மாதிரி வரும் பிளாஸ்டிக் ஜரிகையும் உண்டு. மினுக்கம் அதிகம். அதை நட்டுவைத்த கோனின் தலைவழியாக இழுக்கக் கூடாது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும். படுக்கவைத்து, உருண்டு அவிழும்படி விட வேண்டும்.

வாங்கும்போது ஒரு சோதனை. இரண்டு முழம் இழுத்து, இரு நுனியையும் அருகில் கொண்டுவாருங்கள். தொங்கும் நூல் லேசாக வளைந்து நின்றால் நல்லது. கயிறு மாதிரி தன்னைத்தானே நாலைந்து சுற்று பின்னிக்கொண்டால் அந்த முறுக்கு மெஷினிலும் தொல்லை தரும். அடுத்ததாக நகத்தால் மெல்ல நூல் நெடுக உரசுங்கள். படலம் விலகி உள்நூல் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை, சேலையைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அம்மாவின் பழைய பட்டில் உள்ள ஜரிகை மங்கிய தாமிரம் கலந்த தங்கம். அதற்குப் புது மஞ்சள் ஜரிகை போட்டால் பிளவுஸ் தனியாகக் கத்தும். 'ஆன்டிக் கோல்டு' என்று கேளுங்கள், கடைகளில் அந்தப் பெயர்தான். இஸ்திரி குறைந்த சூட்டில், பின்பக்கத்திலிருந்து, நடுவில் ஒரு துணி வைத்து. வாடிக்கையாளருக்கும் அதைச் சொல்லி அனுப்புங்கள்.

7. நிறம் பார்க்கிற முறை

கோனில் இருக்கும்போது நூல் அடுக்கடுக்காக இருப்பதால் ஆழமாகத் தெரியும். துணியில் போட்டபின் வெளிச்சம் பட்டு அரை ஷேடு வெளிறித் தெரியும். நான் இரண்டுக்கு நடுவில் தடுமாறினால் கொஞ்சம் அடர்ந்ததையே எடுப்பேன். கோனிலிருந்து ஓர் இழையை அவிழ்த்துத் துணியின் மேல் நீட்டிப் போட்டுப் பாருங்கள். விரலில் பத்துச் சுற்று சுற்றி, அந்த விரலைத் துணியில் வைத்தால் இன்னும் நல்லது, சாட்டின் தையலுக்குப் பக்கத்தில் வரும்.

கடையின் எல்.இ.டி. வெளிச்சத்தில் முடிவெடுக்காதீர்கள். கடைக்குள் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நிறங்கள் வாசலில் வேறு வேறாகத் தெரிவது சாயங்களின் இயல்பு. பட்டின் சாயம் வேறு, பாலியஸ்டரின் சாயம் வேறு, ஒவ்வொரு விளக்கிலும் ஒவ்வொன்றும் ஒரு விதமாக நடந்துகொள்ளும். துணியையும் கோனையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். கல்யாணம் மாலை வரவேற்பு என்றால் மஞ்சள் பல்பின் கீழும் ஒரு பார்வை.

"ஏனுங்கக்கா, மயில் கழுத்து நிறத்துக்கு நூல் இருக்குங்களா?" என்று ஒருவர் கேட்டார். இல்லை, இருக்கவும் முடியாது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், திரும்பத் திரும்ப மாறுவதுதான் அந்தச் சேலையின் அழகு. ஒற்றை நூலில் அதைப் பிடிக்கப் பார்த்தால் இரண்டுக்கும் பொருந்தாத ஒரு சாம்பல் நீலத்தில் முடியும். பச்சையையோ நீலத்தையோ ஒன்றைத் தேர்ந்து, பார்டரின் நிறத்தை இரண்டாவதாக வையுங்கள். இதே பிரச்சினை பெயர்களிலும். ராமர் பச்சை, அரக்கு, எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரால் வழங்கும் எம்.எஸ். நீலம், இவையெல்லாம் சேலைக் கடையின் சொற்கள். நூல் கம்பெனியின் ஷேடு கார்டில் வெறும் எண்கள்தான் இருக்கும். பெயரைச் சொல்லி போனில் ஆர்டர் செய்தால் வருவது உங்கள் அதிர்ஷ்டம். ஷேடு கார்டு ஒன்று வாங்கிவிடுங்கள், அச்சிட்டது வேண்டாம், உண்மையான நூல் ஒட்டியது.

தையல் போகும் திசை மாறினாலும் நிறம் மாறித் தெரியும். ஒரே நூலில் போட்ட இலையின் இரண்டு பாதிகள் இரண்டு பச்சையாகத் தெரிவது நூலின் குற்றமில்லை. அதை நம்பி ஒரு கோன் மிச்சப்படுத்தலாம்.

நூறு சீருடை ஆர்டர் என்றால் லாட் எண்ணைப் பாருங்கள். ஒரே ஷேடு எண்ணாக இருந்தாலும் சாயத்தொட்டி மாறினால் நிறம் நூலளவு மாறும். தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது, பிள்ளைகள் பிரேயரில் வரிசையாக நிற்கும்போது தெரியும். வேலை முழுமைக்கும் ஒரே லாட்டில் ஒரே நாளில் வாங்குங்கள்.

8. கடையில் கோனைக் கையில் எடுத்ததும்

சுற்று ஒழுங்காக இருக்கிறதா, ஓரத்தில் வளையம் வளையமாக நழுவியிருக்கிறதா பாருங்கள். நழுவிய கோன் பாதியில் சிக்கும். ஒரு முழம் நூலை இரு விரல் நடுவில் உருவுங்கள். மேடு பள்ளம், முடிச்சு, உதிரும் பொடி எதுவும் இருக்கக் கூடாது. நுனியை வெட்டிப் பாருங்கள், இரண்டு இழையும் உடனே பிரிந்து விரிந்தால் முறுக்குப் போதாது, ஊசியில் கோர்க்கும்போதே படுத்தும்.

மீட்டர் கணக்கில் ஏமாற்று நடப்பதுண்டு. அதைப் பிடிக்கத் தராசு போதும். 240 டெனியர் நூல் 1,000 மீட்டர் ஏறத்தாழ 27 கிராம். அப்படியானால் '5,000 மீட்டர்' என்று எழுதிய 120டி/2 கோனில் நூல் மட்டும் 133 கிராம் பக்கம் இருக்க வேண்டும். காலிக் கோன் ஒன்றை எடைபோட்டு வைத்துக்கொண்டு கழித்துப் பாருங்கள். ரேயான் என்றால் ஐந்து, பத்து கிராம் வித்தியாசம் ஈரப்பதத்தால் வரலாம். முப்பது கிராம் குறைந்தால் அந்த லேபிளை நம்ப வேண்டாம்.

சாயம் போகுமா என்பது அடுத்தது. சிவப்பு, மெரூன், கருநீலம், கறுப்பு ஆகியவற்றை வாங்கிய அன்றே சோதித்துவிடுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் ஒரு சின்னப் பூ தைத்து, சோப்புத் தூள் கரைத்த வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, பிழியாமல் ஈரத்தோடு இன்னொரு வெள்ளைத் துணிக்குள் மடித்து இஸ்திரி போடுங்கள். கறை இறங்கினால் அந்தக் கோன் வெள்ளைத் துணிக்கு ஆகாது. பெரிய கம்பெனிகள் தங்கள் ஷேடு கார்டிலேயே சலவைக்கு 1 முதல் 5 வரையும், வெயிலுக்கு 1 முதல் 8 வரையும் மதிப்பெண் தருவார்கள். எண் கூடினால் நல்லது. ஜெர்மனியின் ஃப்ரைபர்கில் 1919-ல் தொடங்கிய மதெய்ரா மாதிரியான நிறுவனங்களின் நூல் விலை அதிகம்தான். குழந்தைத் துணிக்கும் ஏற்றுமதி வேலைக்கும், தீங்கான ரசாயனம் இல்லை என்று காட்டும் ஓகோ-டெக்ஸ் சான்று கேட்பார்கள், அப்போது பெயர் தெரியாத கோனை நீட்ட முடியாது. மற்ற வேலைகளுக்கு, மேலே சொன்ன சோதனைகளில் தேறிய உள்ளூர்க் கோனை நான் தயங்காமல் ஓட்டுகிறேன்.

9. எவ்வளவு வாங்குவது

1,000 தையலுக்கு மேல் நூல் ஐந்து, ஆறு மீட்டர் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாபின் நூல் அதில் பாதிக்குள். பெரிய சாட்டின் உள்ள டிசைன் கூடுதலாகத் தின்னும். 10,000 தையல் உள்ள ஒற்றை நிற லோகோ என்றால் சுமார் 55 மீட்டர். ஒரு 5,000 மீட்டர் கோனில் தொண்ணூறு லோகோ வரும். நூறு ஆர்டருக்கு ஒரு கோன் போதாது என்பது இப்படித்தான் முன்கூட்டியே தெரியும், தொண்ணூற்றோராவது சட்டையில் தெரிந்தால் லாட் கிடைக்காது.

புதிதாகத் தொடங்குபவர் நூறு நிறம் வாங்க வேண்டாம். வெள்ளை, கறுப்பு, சந்தனம், கருநீலம், அரக்கு, சிவப்பு, இரண்டு பச்சை, இரண்டு ரோஸ், மஞ்சள், ஆரஞ்சு, ஊதா, பழுப்பு, தங்க ஜரிகை இரண்டு. மீதியை ஆர்டர் வர வர வாங்கிக்கொள்ளலாம். வெள்ளையும் கறுப்பும் மட்டும் எப்போதும் இரட்டைக் கோனாக இருக்கட்டும். மல்டி கலர் நூல் பார்க்க ஆசையாக இருக்கும், ஒரு கோன் வாங்கினால் அது மூன்று வருடம் அலமாரியில் இருக்கும்.

10. மாதிரி தைக்காமல் துணியில் கை வைக்காதீர்கள்

மாதிரிக்கு அதே துணியின் வெட்டு, துணிக்கு அடியில் வைக்கும் அதே பேக்கிங் பேப்பர், அதே ஊசி. வேறு துணியில் தைத்த மாதிரி எதையும் சொல்லாது. தைத்ததைத் துவைத்துக் காயவைத்துப் பாருங்கள், சுருக்கம் அப்போதுதான் வெளியே வரும்.

நூல் அறுந்துகொண்டே இருந்தால் கோனைத் தூக்கி எறியும் முன் இந்த வரிசையில் தேடுங்கள்: நூலை முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாகக் கோர்ப்பது, ஊசியை மாற்றுவது, பாபின் கேஸில் பஞ்சு, டென்ஷன், ஊசித் தட்டின் துளையில் கீறல். இத்தனையும் சரியாக இருந்து, வேறொரு கோன் அதே வழியில் நன்றாக ஓடினால் மட்டும் முதல் கோன் குற்றவாளி. பத்தில் ஏழெட்டு முறை என் விஷயத்தில் ஊசிதான் காரணமாக இருந்தது.

வீட்டுக்கு வந்த நூலை வைப்பது

ஜன்னலோர அலமாரி அழகு, நூலுக்கு நஞ்சு. வெயில் படும் பக்கம் மட்டும் வெளிறி, தைக்கும்போது பூவில் பட்டை பட்டையாகத் தெரியும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். ரேயான் காற்றிலிருந்து ஈரத்தைத் தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழுக்கும். ஐப்பசி மழையில் திறந்து வைத்தால் பிசுபிசுக்கும், சித்திரையில் ஏ.சி. அறையில் கிடந்தால் மொரமொரத்து அறும். பாலியஸ்டருக்கு அந்தக் கவலை இல்லை, தூசிதான் எதிரி.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு பக்கம். பயன்படுத்திய நூலில் நாலு அங்குலம் செல்லோ டேப்பில் ஒட்டி, பக்கத்தில் கம்பெனி, ஷேடு எண், லாட் எண், ஊசி, எப்படித் துவைப்பதாகச் சொன்னார்கள் என்பதை எழுதுங்கள். அந்த மெரூன் கோட்டுகளின் பக்கத்தில் இரண்டு நூல்கள் ஒட்டியிருக்கின்றன. உணவகம் இந்த வருடம் இன்னும் 20 கோட்டுகள் கேட்டிருக்கிறது, எந்த எண் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.